ஆட்சேபணை உள்ளவர்கள்

“…அதெல்லாம் சரிம்மா, தீர்ப்பு சொன்னா சொன்னதுதான், மறுபேச்சு இல்ல. ஆனா உத்தரவ எழுத்துல குடுத்துருங்க. வாயால சொல்லிட்டுப் போயிட்டா நாளைக்கு நாங்க யார்ட்ட போயி எதக் காட்டுறது?” என்று மாமா கேட்டார்.

கையைக் கட்டிக்கொண்டு, தாசில்தார் முன்னால் நிற்கிற பணிவோடு நின்று கேட்டார். கேட்டது என்னிடம். எனக்கு அப்போது பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில், டீச்சருடைய நாற்காலியில், மாவட்ட கலெக்டராக உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குற்றாலத்தில் மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை; எங்கள் வீட்டில்தான் இருந்தார். சாரல் காலம் பிறந்துவிட்டால் கோழி கூவுமுன்னே தூக்குச் சட்டியில் எண்ணெயையும் கக்கத்தில் பாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் தொட்டதெல்லாம் எண்ணெய். கதவுத் தாழ்ப்பாள், என் கணக்கு நோட்டு, பஸ் பாஸ் எல்லாவற்றிலும் அவருடைய விரல் ரேகை மஞ்சளாகப் பதிந்து கிடக்கும். “நான் மட்டும் திருடப் போனேன்னு வையி மருமவளே, மொத நாளே மாட்டிக்கிடுவேன்” என்பார். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. எப்போதும் மருமவளேதான்.

முதுகைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ராஜபாளையத்துக்காரர் முதுகு பலகை மாதிரி நிமிர்ந்திருக்குமாம். மெட்ராஸ்காரருக்குத் தோள்பட்டை இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்குமாம். “அத எறக்கி விடுததுக்கே கால் மணி நேரம் ஆவுது, பாவம். மூஞ்சிய வச்சு எவனும் ஏமாத்திரலாம் மருமவளே. சிரிக்கணும்னா சிரிச்சிருவான். முதுகுல ஒண்ணும் மறைக்க முடியாது. கைய வச்ச ஒடனே வீட்டுல சண்டையா, வேலை போச்சா, எல்லாம் சொல்லிரும்” என்பார். சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது அன்றைக்குத் தொட்ட முதுகுகளின் கதைகளையும் கொண்டுவருவார். மற்ற வீடுகளில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் முதுகு கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் சாரலோடு சேர்ந்து ஒரு பேச்சும் வந்தது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் தடை வரப்போகிறதாம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதே பேச்சுதான். தண்ணீர் நுரைத்துக்கொண்டு போவதை நாங்களே பார்த்திருக்கிறோம். அருவிக்குக் கீழே பாறை இடுக்குகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் வெள்ளியாக மினுங்கும். அதனால் தடை வேண்டுமென்று சொன்னவர்களைக் கெட்டவர்களென்று யாராலும் சொல்ல முடியவில்லை. எண்ணெய் தேய்க்கிறவர்களையும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதுதான் சிக்கல்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆரியங்காவு தாண்டி ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் எண்ணெய் தேய்க்க ஆள் தேடுகிறார்கள் என்று மாமாவுக்கு ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: “தட வந்துட்டுன்னா அவன் இங்கன இருக்க மாட்டான். மலைக்கு அங்கிட்டுப் போயிருவான், பாத்துக்கிடுங்க.” அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றில் எனக்கு ருசியே தெரியவில்லை. தடை வரக்கூடாது. மாமா போகக்கூடாது. எனக்குத் தெரிந்த சுற்றுச்சூழல் கொள்கை அவ்வளவுதான்.

எங்கள் சமூக அறிவியல் டீச்சர் கடையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாலடிக்கு மேல் கொஞ்சம் உயரம், அதைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு கருப்புக் குடை. பாடப் புத்தகத்தில் ‘வளங்களும் பாதுகாப்பும்’ என்று ஏதோ ஒரு பாடம் வந்தபோது, புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு, “நம்ம ஊர்லயே ஒரு வழக்கு ஓடுது, எங்கேயோ அமேசான் காட்டுக்கு எதுக்குல போணும்?” என்றார். வகுப்புக்கே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப் போவதாகச் சொன்னார். ஒருத்தர் கலெக்டர், மற்றவர்கள் கடைக்காரர், லாட்ஜ்காரர், கீழே வயல் வைத்திருக்கிறவர், எண்ணெய் தேய்க்கிறவர், மீன்.

“மீனா டீச்சர்?” என்றான் எங்கள் வகுப்பிலிருந்த ஒரு லாட்ஜ்காரர் மகன்.

“ஆமாலே. தண்ணி அது வீடுதான? அத கேக்காம எப்படிக் கூட்டம் நடத்துறது?”

சீட்டுப் போட்டோம். டிபன் பாக்ஸ் மூடியில் சுருட்டிப் போட்ட சீட்டுகள். அதில் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: அவரவர் வீட்டுக்காக அவரவர் பேசக்கூடாது. சொந்த வீட்டுச் சீட்டு வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். “உங்க வீட்டு வாயி உங்ககிட்ட எப்பவும் இருக்கத்தான் செய்யிது. ஒரு நாளைக்கு அடுத்த வீட்டு வாயால பேசிப் பாருங்க” என்றார்.

முதல் தடவை எனக்கு வந்தது ‘எண்ணெய் தேய்ப்பவர்’. வகுப்பே சிரித்தது. டீச்சர் அதை வாங்கி மூடியில் போட்டுக் குலுக்கினார். இரண்டாவது எடுத்ததில் ‘கலெக்டர்’. எண்ணெய் தேய்க்கிறவர் சீட்டு போலீஸ்காரர் மகனுக்குப் போனது. லாட்ஜ்காரர் மகன் மீன். அருவிக்கரையில் சோப்பும் ஷாம்பும் விற்கிற கடைக்காரருடைய மகள், கீழே வயல் வைத்திருக்கிற விவசாயி.

கலெக்டர் என்றால் தீர்ப்பு மட்டும் போதாது, அறிவிப்பும் நான்தான் எழுத வேண்டும் என்றார் டீச்சர். வகுப்பில் என் கையெழுத்துக்குப் பேர் உண்டு. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழைய அறிவிப்பை மழையில் நனைந்துகொண்டு நின்று பார்த்தெழுதி வந்தேன். வீட்டில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதே நடையில் எழுதினேன். ‘இதன்மூலம் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்’ என்று ஆரம்பம். ‘ஆட்சேபணை உள்ளவர்கள் நேரிலோ எழுத்து மூலமாகவோ தெரிவித்துக்கொள்ளலாம்’ என்று முடிவு. கீழே நாள், நேரம், இடம்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தாடையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆட்சேபணைன்னா என்னது மருமவளே?”

“மாட்டேன், ஒத்துக்கிட மாட்டேன்னு சொல்லுறது மாமா.”

“மாட்டேன்னு சொல்லுததுக்கு இம்புட்டுப் பெரிய வார்த்தையா?” என்று வியந்தார். அவர் ஐந்தாவதோடு நின்றவர். “எங்க, இன்னொருக்க எழுது, பாப்போம்.” எழுதிக் காட்டினேன். விரலால் தரையில் இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி இதுதான்: “இன்னைக்கு ஒரு மதுரக்காரர் முதுகு. நல்ல அகலம். அதுல ஒன் வார்த்தைய எண்ணெயில எழுதி எழுதிப் பாத்தேன். ஏழு தடவ. மனுசன் சொகமா தூங்கிட்டாரு.” அம்மாகூட சிரித்துவிட்டாள்.

வகுப்புக் கதவில் ஒட்ட ஒரு காகிதம் போதும். நான் இரண்டு எழுதினேன். எழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஒரு கதவுக்குள் முடங்கிப்போக மனசு வரவில்லை. இரண்டாவதை அருவிக்குப் போகிற வழியில், டீக்கடைச் சுவரில், சினிமா போஸ்டருக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டு வந்தேன். நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான். அதில் பள்ளிக்கூடம் என்று போட்டிருந்தேனே தவிர, பிள்ளைகள் நடத்துகிற கூட்டம் என்று ஒரு வார்த்தை போடவில்லை. அறிவிப்பு நடையில் அதற்கு இடமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு மேல் முதல் பீரியட். கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போலீஸ்காரர் மகன் எண்ணெய் தேய்ப்பவராக எழுந்து நின்று, அவன் அப்பா லத்தியைத் தட்டுகிற தோரணையில் மேஜையைத் தட்டி, “எங்க பொழப்புல கைய வச்சா நடக்கிறதே வேற” என்று அதட்டிக்கொண்டிருந்தான். அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

ஆறு பேர். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள். நடுவில் என் மாமா. அவருக்குப் பக்கத்தில் நரைமீசை வைத்த ஓர் அண்ணாச்சி. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களிலேயே மூத்தவர்.

“இங்கன ஆட்சேபணைக் கூட்டம்னு போட்டுருந்துது…” என்றார் அண்ணாச்சி.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அவருக்கு அதிலேயே விளங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் குடைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, “வாங்க, உக்காருங்க. கூட்டம் நடந்துட்டுதான் இருக்கு” என்று கடைசி பெஞ்சைக் காட்டினார். என் பக்கம் குனிந்து, “கலெக்டர் நீதாண்டி. நாற்காலிய விட்டு எந்திரிச்ச, தொலைச்சுருவேன்” என்றார்.

ஆறு பெரிய மனிதர்கள் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்தார்கள். அதற்குள் ஹெச்.எம். ஜன்னலில் தலையை நீட்டினார். “யாரும்மா இவங்க?”

“பொதுமக்கள் சார்” என்றார் டீச்சர். “பாடத்துல வராங்க.”

ஹெச்.எம். ஆறு பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். போய்விட்டார்.

மாமா நிஜமென்று நம்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். என் கண் முன்னால், நான் எழுத எழுதப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் சுவரில் ஒட்டிய பிறகு எதுவும் நிஜமாகிவிடுகிற ஊர் எங்கள் ஊர். எழுதியது யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு யாருக்கும் ஞாபகமிருக்காது. பாவம் மாமா, பிள்ளைகள் விளையாட்டில் வந்து மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காகவும் எனக்காகவும்.

மீன் பேசியது. லாட்ஜ்காரர் மகன் இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்து, வாயைக் குவித்துக் குவித்துத் திறந்து, “நான் மீன் பேசுதேன்” என்று ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. “நீங்க ஒரு நாள் வாரிய, குளிக்கிய, துண்டால தொடச்சுட்டுப் போயிருதிய. எனக்குப் போறதுக்கு வேற வீடு இல்ல. ஒங்க வீட்டுக் கூரை மேல தெனமும் ஆயிரம் பேரு சோப்பு போட்டுக் குளிச்சா சும்மா இருப்பியளா?” என்றான். யார் எழுதிக் கொடுத்ததோ தெரியாது. அவன் அப்பா லாட்ஜில் ரூமுக்கு ஒரு சோப்பு இலவசம்.

மாமா எழுந்து நின்றார். “கலெக்டரம்மா, மீனு ஐயா கேட்டதுக்கு நான் பதில் சொல்லலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

“எண்ணெ தண்ணில மெதக்கத்தான் செய்யிது. பொய் சொல்ல நான் வரல. தெனமும் பாக்கிறவன் நான்தான். ஒரு தடவ ஈரோட்டுலருந்து ஒரு பெரியவரு வந்தாரு. பையன் கூட்டியாந்து பாயில ஒக்கார வச்சுட்டு போன் பேசப் போயிட்டான். நான் முதுகுல கைய வச்சதும் அந்த மனுசன் அழுதுட்டாரு. வலிக்கான்னு கேட்டேன். ‘வலியில்ல தம்பி, எம் பொண்டாட்டி போனதுக்கப்புறம் என்னைய ஒருத்தரும் தொடல’ன்னாரு. இத எந்தத் தட்டுல வச்சு நிறுக்கணும்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் படிச்சவிய. தேச்ச எண்ணெயத் துண்டால ஒத்தி எடுத்துட்டுத்தான் அருவிக்கு அனுப்பணும்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம். பாய அருவிலருந்து தள்ளிப் போடுன்னு சொல்லுங்க, அதையும் கேட்டுக்கிடுதோம். ஒரேயடியா மூடுன்னு சொல்லுறதுக்கு முன்னால ஒருக்க யோசிச்சுக்கிடுங்க.”

கடைக்காரர் மகள் விவசாயியாக எழுந்தாள். “நீங்க தேச்சு விடுத எண்ணெயி சிற்றாத்துல ஓடி கீழ எங்க வயல்ல வந்து படியுது. அதுக்கு என்ன சொல்லுதிய?”

மாமா அவள் பக்கம் திரும்பினார்.

“படியுதாம்மா?” என்றார். “நான் கீழ வந்து பாத்ததே இல்லியே. இருவது வருசமா மேல பாத்தே நின்னுட்டேன்.”

டீச்சர் குடைப்பிடியைத் திருகுவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு அந்த வருஷம் முழுதும் நடத்திய பாடத்தில் என் மனசில் நின்றது மாமாவின் அந்த ஒரு பதில்தான். கேட்டவள் ஷாம்பு விற்கிறவர் மகள் என்பது அப்போது அவளுக்கே மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியாகத் தீர்ப்பு. டீச்சர் கரும்பலகையில் மூன்று வரி எழுதியிருந்தார். உத்தரவு என்றால் மூன்றும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்று, எது கூடாது. இரண்டு, எங்கே கூடும். மூன்று, இதனால் நஷ்டப்படுகிறவர்களுக்கு என்ன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன வேண்டுமென்பதில் சந்தேகமே இல்லை. மாமா சொன்னதுபோல, பாயைத் தள்ளிப் போட்டுத் தேய்க்கட்டும், துண்டால் ஒத்தி அனுப்பட்டும் என்று சொல்லியிருந்தால் போதும். அது நியாயமாகவும் இருந்திருக்கும். வாயைத் திறக்கப் போனேன். அப்போது போலீஸ்காரர் மகன் பக்கத்திலிருந்தவனிடம், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, “பாருலே, மாமன் பக்கந்தான் சொல்லப் போறா” என்றான்.

அவ்வளவுதான். அடுத்த வீட்டு வாய், அடுத்த வீட்டு வாய் என்று டீச்சர் சொன்னது தலைக்குள் சுற்றியது. நான் யார் பக்கமும் இல்லை என்று காட்டிவிட வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி மாமாவுக்கு எதிராகச் சொல்வதுதான்.

“சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாத்துக்கும் இன்று முதல் தடை” என்றேன். குரல் பெரிசாகத்தான் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மீன் எழுந்து நின்று கும்பிட்டது. கடைசி பெஞ்சில் ஆறு பேரும் அசையாமல் இருந்தார்கள். அப்புறம் மாமா மட்டும் எழுந்து முன்னால் வந்தார். வந்துதான், தீர்ப்பு சொன்னா சொன்னதுதான், எழுத்துல குடுத்துருங்க என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். முந்தின நாள் தேய்த்த ஒரு கோவில்பட்டி முதுகின் கதையைச் சொன்னார். ‘மாமா, அது சும்மா ஸ்கூல் கூட்டம், நிஜமில்ல’ என்று சொல்லிவிட எனக்கு வாய்வரை வந்தது. சொன்னால் நோட்டீஸ் ஒட்டியது நான்தான் என்பதும் வெளியே வந்துவிடும். ஏமாற்றியதற்கு அவர் என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டால் என்ன செய்வது? சொல்லவில்லை.

பிறகு நிஜத் தடையும் வந்தது. வந்தது நல்லதுக்குத்தான். இன்றைக்கு அருவிக்கரையில் நுரை இல்லை. நான் அன்று சொன்னது தப்பென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. சிலர் லாட்ஜ் அறைகளுக்குள் போய்த் தேய்த்தார்கள். மாமாவையும் கூப்பிட்டார்கள். “அருவிச் சத்தம் கேக்காத எடத்துல தேய்க்கணும்னா அது எந்த ஊரா இருந்தா என்ன?” என்று சொல்லிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு செங்கோட்டையில் பஸ் ஏறினார். நான் எழுதிக் கொடுத்த உத்தரவில் ‘எங்கே கூடும்’ என்ற இரண்டாவது வரிக்கு நேரே ‘வேறு இடத்தில்’ என்று போட்டிருந்தேன். எந்த இடம் என்று யோசிக்காமல் போட்டது. அவரை அனுப்பி வைத்தது அந்த வரிதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

அங்கேயே மாமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பேச்சில் மலையாளம் ஏறிவிட்டது. ஜூன் மாதம் பிறந்தால் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, “சாரல் விழுந்துட்டா மருமவளே?” விழுந்துவிட்டது என்பேன். பாறை நனைந்துவிட்டதா, கூட்டம் வருகிறதா, ராஜபாளையத்துக்காரர்கள் வருகிறார்களா என்று கேட்பார். இங்கே வந்து பாருங்கள் என்றால் மட்டும் வேலை இருக்கிறது என்பார். எங்களுக்குச் சாரலைக் கொண்டுவருகிற காற்று கணவாய் வழியாக அவர் இருக்கிற பக்கத்திலிருந்துதான் வருகிறது. அவர் கேட்பதற்கு முதல்நாளே அது அவரைத் தொட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கும். ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை. பழைய கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டையில் கட்டைவிரல் ரேகை. மோந்து பார்த்தால் இப்போது வெறும் காகித வாசனைதான்.

தென்காசியில் எனக்கொரு ஜெராக்ஸ் கடை. மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நரைமீசை அண்ணாச்சி ஆதார் கார்டுக்கு நகல் எடுக்க வந்தார். மீசை முழுசாக வெளுத்திருந்தது. “ஏட்டி, கலெக்டரம்மால்லா நீயி!” என்று கண்டுபிடித்துவிட்டார். எத்தனையோ வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை அவரிடம் கொட்டினேன். அது பிள்ளைகள் நடத்திய கூட்டம் அண்ணாச்சி, நோட்டீஸ் ஒட்டியது நான்தான், உங்களை வீணாக வரவழைத்து ஏமாற்றிவிட்டேன் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எங்களுக்குத் தெரியாதாட்டி? ஒன் மாமன் முந்துன நாளே சொல்லிட்டான்லா, பிள்ளைய நடத்துத கூட்டம்னு. ‘இம்புட்டு வருசத்துல நம்மள ஒருத்தரும் கூப்பிட்டு ஒனக்கு என்னலேன்னு கேட்டதில்ல அண்ணாச்சி. கூப்பிட்டுருக்கது எம் மருமவ ஒருத்திதான். போவோம்’னான். வேட்டிய வெளுத்துக் கட்டிட்டு வரணும்னு சொன்னதும் அவந்தான். அன்னைக்கு ஒரு நாள் பொழப்ப விட்டுட்டுல்லா வந்தோம்.”

நகலுக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன். அவர் போன பிறகு கடையில் யாரோ என்னவோ கேட்டுக்கொண்டே நின்றார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு ‘பி’யில், டீச்சர் நாற்காலியில் இருந்தேன்.

மாமா எழுத்தில் தரச்சொல்லிக் கேட்டதும், கோடு போட்ட தாளில் கரும்பலகையைப் பார்த்து மூன்று வரியும் எழுதினேன். முதல் வரியை நிரப்பினேன். இரண்டாவதில் ‘வேறு இடத்தில்’ என்று போட்டேன். மூன்றாவதுக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. அப்படியே நீட்டினேன்.

மாமா உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டி முழுசும் படித்தார். “மூணாவது வெறுமன கெடக்கே, கலெக்டரம்மா” என்றார்.

“தெரியல மாமா” என்றேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், வீட்டுக் குரலில்.

அன்றைக்கு அவர் எண்ணெயைத் தொடவே இல்லை. ஆனாலும் இரண்டு கையையும் துண்டில் அழுத்தித் துடைத்தார். என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். மேஜையில் குனிந்து, மதுரைக்காரர் முதுகில் எழுதிப் பழகிய அந்த வார்த்தையை மூன்றாவது வரியில் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதி, பக்கத்தில் ‘இல்லை’ என்று சேர்த்தார். ஆட்சேபணை இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என் பக்கம் திருப்பி வைத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்போடு என்னைப் பார்த்தபடியே, கதவு வரைக்கும் ஓரடி ஓரடியாகப் பின்னாலேயே நடந்து, ஒரு தடவைகூட முதுகைக் காட்டாமல் வெளியே போனார்.